கையில் ஒன்றே முக்கால் லட்சம்: பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு

கோபிசெட்டிபாளையத்தில் நைட்டி, உள்பாவாடை, ஜாக்கெட் துணி விற்கிற சின்னக் கடை என்னுடையது. கூடவே தையலும் உண்டு. சரக்கு எடுப்பது ஈரோடு கனி மார்க்கெட்டில். திங்கள் இராத்திரி கூடுகிற சந்தை அது. நேரத்தோடு போனால்தான் நல்ல லாட் கிடைக்கும். பத்து வருடம் மூட்டையோடு பஸ்ஸில் போய் வந்தேன். லக்கேஜுக்காகக் கண்டக்டர்களிடம் போட்ட சண்டையை எழுதினால் தனிக் கதையாகும். ஒரு ஐப்பசி மழையில் மூட்டை நனைந்து, 11,000 ரூபாய் சரக்கில் சாயம் இறங்கிய பிறகுதான் வீட்டில் கார் பேச்சே எழுந்தது.

பணம்? இரண்டு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று போட்டிருந்தேன். தள்ளி எடுத்ததில் கைக்கு வந்தது 1,74,000. அவ்வளவுதான். இவ்வளவு பழைய வண்டிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் யோசிக்கும். கொடுக்க முன்வருகிற தனியார் ஃபைனான்ஸ்காரர் கேட்கிற வட்டிக்கு நான் யோசித்தேன். இதே நிலையில் இருக்கிறவர்களுக்காக, நான் செய்ததையும் ஏமாந்ததையும் எழுதுகிறேன்.

முதலில் விலை. கையில் 1,74,000 இருந்தாலும் 1,30,000க்கு மேல் சொன்ன ஒரு வண்டியையும் நான் போய்ப் பார்க்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வருட வண்டியை ஒருவர் எப்போது விற்பார் என்று யோசித்துப் பாருங்கள். டயர் தேய்ந்து, பேட்டரி சாகக் கிடந்து, கிளட்ச் வழுக்க ஆரம்பித்து, இன்சூரன்ஸும் முடியப் போகிற சமயத்தில்தான் விற்பார். அந்தச் செலவெல்லாம் வண்டியோடு சேர்ந்து நம் வாசலுக்கு வரும். அதனால் கையிருப்பில் கால் பங்காவது தொடாமல் ஓரமாக வையுங்கள். முழுப் பணத்தையும் வண்டிக்குக் கொடுத்துவிட்டு, முதல் மாதமே டயருக்குக் கைமாற்று வாங்குகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

எந்த வண்டி என்பதற்கு நான் ரொம்ப மெனக்கெடவில்லை. தாலுகா ஊரில் சாதாரண மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த வண்டியாக இருக்க வேண்டும். பார்ட்ஸ் பக்கத்துக் கடையில் கிடைக்க வேண்டும். இந்த விலையில் அப்படி நிற்பவை பழைய ஆல்டோ, சான்ட்ரோ ஜிங், வேகன்ஆர், ஜென் எஸ்டிலோ. மாருதி 800 இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் 2014 தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றுவிட்டதால் எஞ்சியிருக்கிற ஆயுள் குறைவு. ஆம்னி கிடைத்தால் என் மூட்டைகளுக்கு அருமை. ஆனால் காய்கறிக்காரரிலிருந்து கேட்டரிங்காரர் வரை எல்லோரும் அதையே தேடுவதால் விலை இறங்குவதே இல்லை. நானோ ஒன்று 70,000க்கு வந்தது. ஆசையாகப் போய்ப் பார்த்தால் பின்கதவு திறக்காது! 2015க்கு அப்புறம் வந்த நானோவில்தான் பின்னால் திறக்க முடியும். நைட்டி மூட்டையை ஸீட்டைச் சாய்த்து உள்ளே திணிக்க என்னால் ஆகாது என்று வந்துவிட்டேன்.

டீசல் பக்கமே போகாதீர்கள். வாரம் ஒருமுறை ஈரோடு, மாதம் ஒருமுறை பண்ணாரி என்று ஓடுகிற வண்டிக்கு டீசல் மிச்சப்படுத்துவதைவிட, பழைய டீசலின் இன்ஜெக்டர் ஒருமுறை கேட்கிற காசு அதிகம். நாட்டைவிட்டே போன கம்பெனிகளின் வண்டிகளும் அழகாக, மலிவாக வரும். செவர்லே 2017 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது. அவற்றை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு பார்ட்ஸுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தால் என் சந்தை போய்விடும்.

இந்த விலை வண்டிகளில் ஏர்பேக் இருக்காது. இதைத் தெரிந்தேதான் வாங்க வேண்டும். டிரைவர் ஏர்பேக் எல்லாக் காருக்கும் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். அதற்கு முன், 2014இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் அமைப்பு பார்த்த ஆல்டோ 800க்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. நான் 60க்கு மேல் ஓட்டுவதில்லை, பெல்ட் போடாமல் யாரையும் ஏற்றுவதும் இல்லை. குடும்பத்தோடு பைபாஸில் அடிக்கடி நீண்ட தூரம் போகிறவராக இருந்தால், இன்னும் ஒரு வருடம் சீட்டுக் கட்டிவிட்டு இதைவிட நல்ல வண்டி பாருங்கள்.

வண்டிக்கு முன்னால் பேப்பர்

இதில்தான் நான் 5,000 ரூபாய் இழந்தேன். பழைய கார் வாங்கி விற்கிற ஒரு கன்சல்டிங்கில் சிவப்புச் சான்ட்ரோ நின்றது. 2010 மாடல், 1,18,000 ரூபாய். மாலை வெயிலில் பளபளவென்று இருந்தது.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலீங்களாக்கா?" என்றார் கடைக்காரர்.

"கடையில இருக்காங்க. நாந்தான் பாக்க வந்தேன்" என்றேன்.

அந்தக் கேள்வி கிளப்பிய ரோஷத்தில், எனக்கும் வியாபாரம் தெரியும் என்று காட்ட அங்கேயே 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) நகலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் அதில் அப்படியே இருக்கிறது. கேட்டதற்கு, "லோன் எல்லாம் கட்டி முடிச்சாச்சுங்க, என்ஓசி அடுத்த வாரம் வந்துரும்" என்றார்கள். என்ஓசி என்பது கடன் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ்காரர் தருகிற கடிதம். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று ஒரு மாதம் போனது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். 'முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அடியில் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்தது.

ஆகவே வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன்பே ஆர்சியை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் போகவே வேண்டாம். வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவுத் தேதி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வரும். ஆர்சியில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால், அவர் கொடுத்த என்ஓசியும், ஆர்சியிலிருந்து அந்தப் பெயரை நீக்க அவர் கையெழுத்திட்ட ஃபாரம் 35உம் கண்ணில் படும்வரை ஒரு ரூபாய்கூட நீட்டாதீர்கள். இ-சாலான் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆயுள். சொந்த உபயோகக் காருக்கு ஆர்சி 15 வருடம். அதற்கப்புறம் வண்டியைக் காட்டி எஃப்சி வாங்கி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. வண்டியைக் காட்டும் முன் டிங்கரிங், பெயின்ட், லைட் என்று சரிசெய்கிற செலவு அதைவிடப் பெரிது. பதினாலு வருட வண்டியை ஒருவர் மலிவாகத் தள்ளப் பார்ப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, வண்டி தயாரான மாதமும் பதிவான தேதியும் ஆர்சியில் தனித்தனியாக இருக்கும். 2010 டிசம்பரில் தயாராகி 2011 ஏப்ரலில் பதிவான வண்டியை விற்கிறவர் '2011 மாடல்' என்பார். ஆர்சி ஆயுள் பதிவுத் தேதியிலிருந்து ஓடும், சரி; ஆனால் விலையை 2010க்குப் பேசுங்கள்.

பதிவு எண்ணில் கேஎல் (கேரளா), பிஒய் (புதுச்சேரி) என்று இருந்தால் விலை குறைவாகத்தான் சொல்வார்கள். அந்த மாநில ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, எண் மாற்றி முடிக்கையில் அந்தக் குறைவு எங்கே போனது என்றே தெரியாது. கேஸ் கிட் மாட்டிய வண்டி என்றால் ஆர்சியில் எல்பிஜி என்று ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மஞ்சள் போர்டில் டாக்ஸியாக ஓடி, வெள்ளைக்கு மாறி வந்த வண்டியும் அப்படித்தான். மீட்டரில் என்ன காட்டினாலும் அது ஊரையே பலமுறை சுற்றியிருக்கும்.

காந்தத்தோடு போனேன்

5,000 போன பிறகு புத்தி வந்து எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். ஒரு வண்டி பார்த்துச் சொல்ல 500 ரூபாய். மூன்று வண்டிக்குக் கூட்டிப்போனேன். இந்த 1,500தான் மொத்தச் செலவிலேயே உருப்படியானது. கன்சல்டிங்காரர் சொல்கிற மெக்கானிக் வேண்டாம், நீங்களே கூட்டிப் போங்கள். அவர் எனக்குச் செய்த பெரிய உதவி வேறு: வண்டி இருக்கிற இடத்தைச் சொன்னது. ஊரில் யார் வண்டியை எப்படி வைத்திருக்கிறார்கள், யார் விற்கிற யோசனையில் இருக்கிறார்கள் என்பது மெக்கானிக்குக்குத் தெரிகிற மாதிரி எந்த விளம்பரத்துக்கும் தெரியாது.

பார்க்கப் போவது காலையில் இருக்கட்டும். மழையிலும் இருட்டிலும் பெயின்ட் பொய் சொல்லும். போனதும் முதல் வேலையாகப் பானெட்டில் கையை வையுங்கள். சுட்டால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிய எஞ்சின்தான் உண்மையைப் பேசும். இரண்டாவதாக நாங்கள் பார்த்த வண்டியில் இப்படித்தான் கை சுட்டது. "கொஞ்சம் ஆறட்டும், டீ குடிச்சுட்டு வர்றோம்" என்று மெக்கானிக் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். டீக்கடையில் நன்றாக நேரத்தைக் கடத்திவிட்டுத் திரும்பி வந்து செல்ஃப் அடித்தபோது நீலப் புகை குப்பென்று வந்தது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வந்து மறைகிற வெள்ளைப் புகை வெறும் ஆவி, அதற்குப் பயப்பட வேண்டாம். விடாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். காபி நுரை மாதிரி படிந்திருந்தாலும் சந்தேகம் அதுவே.

பாடிக்கு என்னிடம் சொந்தக் கருவி இருந்தது. கடையில் தரையில் சிந்துகிற குண்டூசியைப் பொறுக்க ஒரு காந்தம் வைத்திருக்கிறேன். பெயின்டில் கீறல் விழாமல் இருக்க அதை ஒரு துண்டு லைனிங் துணியில் சுற்றி, கதவின் கீழ் ஓரம், சக்கர வளைவு, ரன்னிங் போர்டு என்று தடவிக்கொண்டே போனேன். தகரத்தில் காந்தம் இழுக்கும். அடிபட்டதை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். பம்பர் பிளாஸ்டிக், அங்கே ஒட்டவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். முதல் வண்டியில் நான் போனேன்.

கதவு ஓர ரப்பரைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் கம்பெனி வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழியாக ஒரே இடைவெளியில் போகும். ஜாக்கெட்டைப் பிரித்துத் திரும்பத் தைத்தால் பழைய ஊசித் துளை காட்டிக்கொடுக்குமே, அதே மாதிரிதான் இதுவும். குழி மறைந்து பற்ற வைத்த தடம் தெரிந்தால் வண்டி பெரிதாக அடிவாங்கியிருக்கிறது. பானெட் கீலில் இருக்கிற போல்ட்டில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, டிக்கியில் மேட்டைத் தூக்கினால் ஸ்டெப்னிக் குழியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் நின்ற வண்டி மேலே மினுக்கும், அடியில் அப்பளமாக உதிரும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க ஸீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளுக்குள் இருக்கிற நாடாவில் சேற்றுக் கோடு இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் சென்னையும் திருநெல்வேலி, தூத்துக்குடியும் என்று தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். எல்லாம் உள்ளூரிலேயே விலைபோயிருக்கும் என்று நினைக்காதீர்கள்.

மீட்டர் கிலோமீட்டரை நம்ப வேண்டாம், பிரேக் பெடலின் ரப்பரை நம்புங்கள். மீட்டர் 40,000 காட்ட, ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் யாரோ மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். நான் வாங்கிய வண்டியில் முன் டயர்களில் 0916 இருந்தது: 2016இன் ஒன்பதாவது வாரம். பட்டன் (தரையில் படுகிற வரிகள்) நன்றாக இருந்தாலும் எட்டு வருட ரப்பர், மாற்றத்தான் வேண்டும்.

ஓட்டிப் பார்க்கையில் ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பேச்சுக் கொடுக்கிற புரோக்கரைப் பின்ஸீட்டுக்கு அனுப்புங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டம் அடிக்கும்போது கடகடவென்றால் ஆக்சில் தேய்ந்திருக்கிறது. ஆளில்லாத நேர்ச்சாலையில் பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. கிளட்சுக்கு ஒரு சோதனை: கைப்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாம் கியரில் போட்டு கிளட்சை மெதுவாக விட்டால் எஞ்சின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் முடிந்துவிட்டது.

நம்பியூர் வாத்தியார்

மெக்கானிக் மூன்றாவதாகக் கூட்டிப்போனது நம்பியூரில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டுக்கு. வெள்ளை ஆல்டோ எல்எக்ஸ்ஐ. ஏசியும் பவர் ஸ்டீயரிங்கும் இருக்கிற மாடல். பழைய ஆல்டோ பார்க்கிறவர்கள் இந்த எழுத்துகளைக் கவனியுங்கள். எல்எக்ஸ் என்றால் ஏசி மட்டும்தான் இருக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பக் கையில் தெம்பு வேண்டும். பதிவு 2011 நவம்பர், கோபி ஆர்டிஓ, ஒரே கை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்ட வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டாராம்.

சாவியைக் கொடுக்கும் முன் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். வாங்கிய நாளிலிருந்து போட்ட பெட்ரோல் எல்லாம் பென்சிலில், கட்டம் போட்டு. தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். நடுநடுவே சிவப்பு மையில் 'பிரேக் ஷூ மாற்றியது', 'ரேடியேட்டர் ஓஸ், இரண்டு' என்று. கடைசி வரியில் 61,340. மீட்டரில் 61,352. நான் மீட்டரைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "நேத்து கோயிலுக்குப் போனது இன்னும் எழுதலை, அம்மிணி" என்றார்.

அதற்காகச் சோதனையை விட்டுவிடவில்லை. காந்தம் இடது பின்கதவில் ஒரு இடத்தில் வழுக்கியது. கேட்டில் இடித்தது என்று அவரே சொன்னார். கிளட்ச் சோதனையில் எஞ்சின் அணைய நேரம் எடுத்தது. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. நோட்டைக் கடைசிவரை புரட்டியும் அதை மாற்றியதாக ஒரு வரி இல்லை. பெல்ட் அறுந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். ஆல்டோ கே10இல் செயின் என்பதால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது என் விலைக்கு மேலே.

போன பிறகுதான் அவர் விலை சொன்னார்: 1,35,000, நான் போட்ட வரம்பைவிடக் கொஞ்சம் அதிகம். நான் வண்டியைக் குறை சொல்லவில்லை. ஆசையாக வைத்திருந்தவரிடம் அப்படிப் பேசினால் விலை ஏறத்தான் செய்யும். டயர், பேட்டரி, கிளட்ச், பெல்ட் நான்கையும் ஒரு தாளில் எழுதி, எதிரே மெக்கானிக் சொன்ன தொகையைப் போட்டு அவரிடம் நீட்டினேன். கணக்கு வாத்தியார்தானே, கூட்டிப் பார்த்தார். 1,22,000க்கு முடிந்தது.

அப்புறம் ஆன செலவு: பெல்ட், ஆயில், கூலன்ட் எல்லாம் சேர்த்து 4,500. முன் டயர் இரண்டு 5,600. பேட்டரி 3,800. ஏசி கேஸ் 1,800. பெயர் மாற்றம் ஏஜென்ட் மூலமாக 3,000. நான்கு மாதம் கழித்து கிளட்ச் 5,500. இன்சூரன்ஸ் மூன்றாம் நபருக்கு மட்டும் எடுத்தேன். 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை 2,094. விபத்துக் காப்பீடும் ஜிஎஸ்டியும் சேர்ந்து சுமார் 2,900. இந்த விலை வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் எனக்கு அவசியமாகப் படவில்லை. எல்லாம் 27,100. வண்டி விலை, மெக்கானிக் கூலி, சிவப்புச் சான்ட்ரோ தின்ற 5,000 என்று சேர்த்து 1,55,600 போக, 18,400 மிச்சம். அதில் 6,000 டிரைவிங் பள்ளிக்குப் போனது. லைசென்ஸ் எடுத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. கார் ஓட்டியது அன்றோடு சரி.

இன்னொரு வேலை இருக்கிறது. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2011இல் பதிவான வண்டியின் ரப்பர் ஓஸ் அதை மனதில் வைத்துச் செய்ததல்ல. பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்று வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன்.

பணம் கொடுக்கிற அன்றே பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வாங்கிவிடுங்கள். டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியும் எழுத வேண்டும். காலை 11 மணிக்கு வாங்கிய வண்டிமேல் 10 மணிக்கு ஒரு கேஸ் விழுந்திருந்தால் அது அவருடையது, 12 மணிக்கு என்றால் நம்முடையது. 'ஓப்பன் ஃபாரத்தில் கிடக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். பெயர் மாற்றும்போது ஆதாரில் இருக்கிற முகவரியும் கதவு எண்ணும் சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து ஆர்சியை நேரில் கொடுப்பதில்லை, ஸ்பீடு போஸ்டில்தான் அனுப்புகிறார்கள். என்னுடையது ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. இராத்திரிச் சந்தைக்குப் போய்வந்த அசதியில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, கல்லாப்பெட்டியில் வைத்திருந்தார்.